பத்து நாள் முகாமுக்குப் பிறகு: வீட்டுத் தியானம் எங்கே அறுந்துபோகிறது?

உடலின் உணர்ச்சிகளை அமைதியாகக் கவனிக்கும் தியானமான விபாசனாவின் பத்து நாள் முகாமை முடித்து வீடு திரும்புகிறவருக்குக் கடைசி உரையில் ஒரு கணக்கு சொல்லி அனுப்புவார்கள். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். தூங்கப் போகும் முன்னும் விழித்த பின்னும் படுக்கையிலேயே ஐந்தைந்து நிமிடம். முடிந்தால் வாரத்துக்கு ஒருமுறை மற்ற சாதகர்களோடு சேர்ந்து ஒரு மணி நேரம். வருடத்துக்கு ஒரு பத்து நாள் முகாம்.

முதல் வாரம் இது நடக்கிறது. இரண்டாம் வாரம் மாலை அமர்வு தள்ளிப்போகிறது, மூன்றாம் வாரத்தில் அது நின்றுவிடுகிறது. காலை அமர்வு இன்னும் கொஞ்ச நாள் இழுத்துப் பிடித்து ஓடுகிறது. பிறகு ஒரு கல்யாணமோ காய்ச்சலோ வெளியூர்ப் பயணமோ வருகிறது. திரும்பி வந்தவர் மறுபடி உட்காருவதில்லை. “எனக்கு மன உறுதி போதாது” என்று தனக்குத்தானே தீர்ப்பும் எழுதிக்கொள்கிறார். அந்தத் தீர்ப்பு தவறு என்பதே இந்த ஆய்வு சொல்ல வருவது. அவருடைய உறுதி முகாமிலும் இதே அளவுதான் இருந்தது. அங்கே அதைச் சுற்றி நின்ற ஏற்பாடுகள் வீட்டில் இல்லை.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது பெயர் சொல்லக்கூடிய ஒருவரின் வரலாறு அல்ல. முதல் முகாம் முடித்தவர், வேலைக்குப் போகிறவர், தனி அறை இல்லாத சிறு வீட்டில் குடும்பத்தோடு இருப்பவர் என்று இந்த வழியில் அடிக்கடி எதிர்ப்படும் நிலையைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

முகாம் தரும் ஏற்பாடு

இந்த முகாம்களைப் பரப்பிய எஸ்.என். கோயங்கா 1924இல் மாண்டலேயில் பிறந்தவர், பர்மாவில் வணிகக் குடும்பம். ஒற்றைத் தலைவலிக்கு வழி தேடி 1955இல் ரங்கூனில் தியான ஆசிரியர் சயாஜி ஊ பா கின்னிடம் போனார். 14 ஆண்டுகள் அவரிடம் பயின்று, 1969இல் இந்தியாவுக்கு வந்து முகாம்கள் நடத்தத் தொடங்கினார். ஊ பா கின் துறவி அல்லர், சுதந்திர பர்மாவின் முதல் தலைமைக் கணக்காயர். இல்லறத்திலும் வேலையிலும் இருப்பவர்களுக்கு ஏற்றபடி பயிற்சி பத்து நாளில் அடங்கியதில் அந்தப் பின்னணிக்குப் பங்குண்டு. மகாராஷ்டிரத்தின் இகத்புரியில் உள்ள தம்ம கிரிதான் இன்று இதன் பெரிய மையம். சென்னைக்காரர்களுக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்தில் தம்ம சேது இருக்கிறது.

முகாமின் ஒரு நாளைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். காலை 4 மணிக்கு மணி அடிக்கும். 4.30 முதல் 6.30 வரை தியானம். காலை உணவு முடித்து 8 மணிக்குக் குழுத் தியானம், 9 முதல் 11 வரை மறுபடி. மதிய உணவு 11 மணிக்கு. 1 மணி முதல் 5 மணி வரை மூன்று பகுதிகளாக. 5 மணிக்குப் புதியவர்களுக்குப் பழமும் தேநீரும், பழைய மாணவர்களுக்கு எலுமிச்சைத் தண்ணீர் மட்டும். 6 மணிக்குக் குழுத் தியானம், 7 மணிக்கு உரை, பிறகு முக்கால் மணி நேரம் தியானம். 9.30க்கு விளக்கு அணையும். கூட்டினால் உட்காரும் நேரம் மட்டும் பத்தே முக்கால் மணி.

இத்தனை மணி நேரம் உட்கார வைப்பது எது? போன் கிடையாது, படிக்கவோ எழுதவோ கூடாது, பேச்சு கிடையாது. சாப்பாடு வேளைக்கு வந்துவிடும், பாத்திரம் கழுவுவதைத் தவிர வேலை இல்லை. இரவுச் சாப்பாடு இல்லாததால் வயிறு லேசாக இருக்கும். எப்போது உட்கார வேண்டும் என்பதை மணி முடிவு செய்யும், எப்போது எழுந்திருக்கலாம் என்பதை ஒலிப்பதிவில் வரும் குரல் முடிவு செய்யும். பக்கத்தில் ஐம்பது பேர் அசையாமல் இருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் மதியம் உதவி ஆசிரியரிடம் கேட்கலாம். சாதகர் எடுக்க வேண்டிய முடிவு அனேகமாக ஒன்றுமே இல்லை. வீட்டுக்கு வந்ததும் இவற்றில் ஒன்றுகூட மிஞ்சுவதில்லை. ஆனால் ‘ஒரு மணி நேரம், இரண்டு வேளை’ என்ற எண்ணிக்கை மட்டும் கூடவே வந்துவிடுகிறது.

வாராவாரம் வகுப்பு இருந்தாலும் வீட்டுப்பாடம் குறையத்தான் செய்யும் என்பதற்கு வேறொரு துறையிலிருந்து சான்று உண்டு. 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-சின் தொடங்கிய மன அழுத்தக் குறைப்புப் பயிற்சி எட்டு வாரம் நடக்கும். வாரம் ஒருமுறை இரண்டரை மணி நேர வகுப்பு, வீட்டில் வாரம் ஆறு நாள் 45 நிமிடம். இதையும் இதிலிருந்து பிறந்த இன்னொரு பயிற்சியையும் பற்றிய 43 ஆய்வுகளைத் திரட்டி 2017இல் ஒரு மதிப்பாய்வு வெளியானது. கொடுத்த வீட்டுப் பயிற்சியில் பங்கேற்றவர்கள் செய்தது சுமார் 64 விழுக்காடு, நாளுக்கு ஏறக்குறைய அரை மணி நேரம். அடுத்த வாரம் ஆசிரியர் கேட்பார் என்று தெரிந்தவர்களின் நிலை இது. கேட்க ஆளே இல்லாதவர் முதல் நாளிலிருந்தே இரண்டு மணி நேரத்தைத் தனியாகச் சுமந்தால் அது சரிவதில் வியப்பில்லை.

அறுந்துபோகும் இடங்கள்

முதலில் மாலைதான் போகிறது. வேலைக்குப் போகிறவருக்கு மாலை 6 மணி என்பது பேருந்தில் நிற்கும் நேரம். வீடு வந்து சேர்ந்தால் குழந்தைகளின் பாடம், அடுப்பு, தொலைக்காட்சிச் சத்தம். எட்டு மணிக்கு நாலு தோசை சாப்பிட்டுவிட்டு ஒன்பதுக்கு உட்கார்ந்தால் பத்தாவது நிமிடம் தலை தொங்கும். தொங்கிய தலையோடு நாலு நாள் போராடியவர் ஐந்தாம் நாள் “இன்று வேண்டாம்” என்கிறார். பழி தியானத்தின் மேல் விழுகிறது, காரணமோ இரவுச் சாப்பாட்டுக்குப் பின் உட்கார்ந்தது. வயிறு நிறையச் சாப்பிட்டால் இரண்டு மணி நேரமாவது போக வேண்டும். அதனால் மாலை அமர்வுக்குச் சரியான இடம் வீட்டுக்குள் நுழைந்து, கைகால் கழுவி, சாப்பிடுவதற்கு முந்தைய அரை மணி நேரம். பசி தாங்காது என்றால் ஒரு வாழைப்பழமும் அரை தம்ளர் மோரும் போதும்.

இரண்டாவது இடம் உடல். முகாமில் அடுக்கடுக்காகத் திண்டுகள் கிடைக்கும், வேண்டிய உயரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். வீட்டில் தலையணையை மடித்துப் போட்டு உட்காருகிறார்கள். இலவம்பஞ்சுத் தலையணை சில நிமிடங்களில் அமுங்கிவிடும். இடுப்பு தாழ்ந்து முழங்கால் மேலே தூக்கி நிற்கும், கீழ்முதுகு வளையும். அரை மணியில் முதுகுவலி வருவது இதனால்தான். கெட்டியான போர்வை இரண்டை நாலாக மடித்து, அமுங்கிய பிறகும் நாலு முதல் ஆறு அங்குல உயரம் நிற்கும்படி வைக்க வேண்டும். அதன் முன்விளிம்பில் உட்கார்ந்தால் இடுப்பு முன்பக்கம் லேசாகச் சாயும், முழங்கால்கள் தரையை நோக்கி இறங்கும். தரையைத் தொடாத முழங்காலுக்குக் கீழே துண்டைச் சுருட்டி முட்டுக் கொடுக்கலாம். ஜமக்காளம் ஒன்றைக் கீழே விரித்துக்கொண்டால் கணுக்கால் தரையில் குத்தாது.

கால் மரத்துப்போவதைப் பற்றிப் பலருக்குப் பயம் இருக்கிறது. பெரும்பாலும் பிட்டத்தின் கீழோ முழங்காலின் வெளிப்பக்கத்திலோ ஓடும் நரம்பு அழுந்துவதால் வருவது அது. உயரத்தைக் கூட்டினாலோ, கால் மேல் கால் போடாமல் ஒன்றன்முன் ஒன்றாகத் தரையில் வைத்தாலோ குறையும். மரத்த காலோடு சட்டென்று எழக் கூடாது. பாதம் மடங்கி விழுந்தால் கணுக்கால் சுளுக்கும். காலை நீட்டி, விரல்களை மடக்கி நீட்டி, உணர்வு முழுதாகத் திரும்பிய பிறகே எழ வேண்டும். முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் நாற்காலியில் உட்காருவதில் எந்தக் குறையும் இல்லை, முகாம்களிலும் அதற்கு இடம் உண்டு. கைப்பிடி இல்லாத மர நாற்காலி, பாதம் இரண்டும் தரையில், முதுகு சாய்வைத் தொடாமல். அவ்வளவுதான்.

மூன்றாவதாக ஒரு சின்ன விஷயம், ஆனால் நம் ஊர் வீடுகளில் பெரிய தொல்லை: மின்விசிறி. ஆனாபானா என்பது மூக்குத் துவாரங்களிலும் மேலுதட்டுக்கு மேலுள்ள சிறு பகுதியிலும் மூச்சு தொடுவதைக் கவனிப்பது. விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தால் அந்த இடம் முழுவதும் விசிறிக் காற்றுதான் படும், மூச்சின் தொடுகை அதில் கரைந்துவிடும். “எனக்கு மூச்சே தெரியவில்லை” என்று சொல்பவர்கள் முதலில் விசிறியை ஒன்று அல்லது இரண்டில் வைத்து, அதற்கு நேர் கீழே இல்லாமல் சுவரோரமாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். மாலை வேளையில் கொசுவும் சேர்ந்துகொள்ளும். விசிறியைக் குறைத்தால் கொசு கூடும். கட்டிலின் மேல் கொசுவலையை இறக்கிவிட்டு உள்ளே உட்காருவது எளிது. மெத்தை குழியாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். முகத்துக்கு நேரே கொசுவர்த்திச் சுருள் வேண்டாம், புகை மூக்கைத்தான் முதலில் எரிச்சல்படுத்தும்.

நான்காவது இடம்தான் ஆழமானது. முகாமின் நாலாம் நாள் விபாசனா தொடங்குகிறது: தலை முதல் கால் வரை, கால் முதல் தலை வரை கவனத்தை வரிசையாக நகர்த்தி உடலில் தோன்றும் உணர்ச்சிகளை விருப்பு வெறுப்பின்றிப் பார்ப்பது. அடுத்த நாளிலிருந்து நாளுக்கு மூன்று முறை கண், கை, காலை அசைக்காமல் ஒரு மணி நேரம் உட்காரும் அதிட்டானம். ஒன்பதாம் நாளுக்குள் சிலருக்கு உடல் முழுவதும் மெல்லிய அதிர்வாக ஓடும் அனுபவம் கிடைக்கிறது. வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் அதே ஆள் உட்கார்ந்தால் தோள் கல்லாகக் கனக்கிறது, முதுகின் பாதி மரத்துக் கிடக்கிறது. “போச்சு, எல்லாம் போய்விட்டது” என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். நாளுக்குப் பத்தே முக்கால் மணி நேரம் மௌனத்தில் உட்கார்ந்த மனம் கூர்மையாக இருந்தது, இப்போது அலுவலகத்திலிருந்து வந்த மனம் மழுங்கியிருக்கிறது. போனது அந்தக் கூர்மை மட்டுமே. சுகமான அதிர்வு வந்ததா என்று அமர்வை அளக்கத் தொடங்கிய அன்றே, இந்த முறை எதை விடச் சொல்கிறதோ அந்த ஏக்கத்தைத்தான் சாதகர் வளர்க்கிறார்.

இந்த நிலைக்கு மருந்தும் முகாமிலேயே சொல்லப்பட்டதுதான். மனம் மந்தமாகவோ கலங்கியோ இருந்தால், உணர்ச்சி எட்டவில்லை என்றால், எட்டினாலும் எதிர்வினை செய்யாமல் இருக்க முடியவில்லை என்றால், ஆனாபானாவில் இருக்கலாம். வேண்டுமானால் ஒரு மணி நேரமும் மூச்சிலேயே இருக்கலாம். பலர் இதைக் காதில் வாங்குவதில்லை. மூச்சைப் பார்ப்பது கீழ்வகுப்பு, உணர்ச்சியைப் பார்ப்பது மேல்வகுப்பு என்று எண்ணிக்கொள்கிறார்கள். முகாமிலேயே முதல் மூன்று நாளுக்கு மேல் வெறும் மூச்சுக்குத்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். வீட்டில் தினமும் அமர்வின் முதல் மூன்றில் ஒரு பங்கை அதற்குக் கொடுப்பது நியாயமான கணக்கு.

மூச்சைப் பார்க்கும்போது எண்ண வேண்டாம், மந்திரம் சேர்க்க வேண்டாம், நீட்டவோ அடக்கவோ வேண்டாம். இயல்பான மூச்சு, வருவது போவது. தெரியவில்லை என்றால் நாலைந்து மூச்சைச் சற்று அழுத்தமாக விட்டுவிட்டு, தொடுகை பிடிபட்டதும் இயல்பு மூச்சுக்குத் திரும்ப வேண்டும். மனம் ஓடியது தெரிந்ததும் திட்டாமல் திரும்ப வேண்டும். ஓடியது எத்தனை முறை என்பது கணக்கில்லை, திரும்பியதுதான் பயிற்சி.

வீட்டுக்கான அளவு

இரண்டு மணி நேரம் என்ற பரிந்துரையைக் குறைத்துப் பேசுவது நோக்கமல்ல. முடிகிறவர்கள் அதையே பிடித்துக்கொள்ளட்டும். நழுவத் தொடங்கியவருக்கு எங்கள் பரிந்துரை இது: மேலளவு ஒன்று, கீழளவு ஒன்று என்று இரண்டு எண்களை வைத்துக்கொள்ளுங்கள். மேலளவு 60 நிமிடம். கீழளவு, மாதத்தின் மிக மோசமான நாளிலும் உட்கார முடிகிற நேரம், பெரும்பாலோருக்கு 20 நிமிடம். தவறவே கூடாது என்று காக்க வேண்டியது கீழளவைத்தான்.

காலை அமர்வை முதலில் நிலைநிறுத்துங்கள். முதல் இரண்டு வாரம் காலை 20 நிமிடம், மாலை 10. பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காலையில் பத்துப் பத்து நிமிடமாகக் கூட்டினால் ஒன்பதாம் வாரத்தில் 60 வரும். மாலையை அவசரப்படுத்த வேண்டாம், காலை ஊன்றிய பிறகு அது வளரும். கடிகாரத்தைவிட ஒரு செயலோடு முடிச்சுப் போடுவது பலன் தரும். ‘5.30க்கு’ என்று வைத்தால் 5.45 ஆனதும் “நேரம் போய்விட்டது” என்று மனம் நழுவும். ‘பல் துலக்கி முகம் கழுவியதும், காபிக்கு முன்’ என்று வைத்தால் நழுவ இடமில்லை. காபிக்கு முன் என்பதற்குக் காரணம் உண்டு: குடித்துவிட்டு உட்கார்ந்தால் பாதியில் சிறுநீர் முட்டும், குடிக்கப் போனால் செய்தித்தாளும் போனும் கூடவே வரும். எழுந்ததிலிருந்து அமர்வு முடியும் வரை போனைத் தொடாமல் இருப்பது மட்டுமே பாதிக் காரியத்தை முடித்துவிடும். நேரம் காட்ட ஒரு மேசைக் கடிகாரம் போதும். போன்தான் வேண்டும் என்றால் முந்தைய இரவே விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள்.

பழக்கம் ஊன்ற 21 நாள் என்று பரவலாகச் சொல்லப்படுவதை நம்ப வேண்டாம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்து நடந்து 2010இல் வெளியான ஆய்வில், ஒரு புதிய சிறு செயல் தன்னால் நடப்பதாக மாற ஆன காலத்தின் நடுமதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. அதிலேயே இன்னொன்றும் தெரிந்தது: நடுவில் ஒரு நாள் விடுபட்டதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. அங்கே சோதித்தவை தண்ணீர் குடிப்பது, நடப்பது போன்ற எளிய காரியங்கள். தியானம் அவற்றைவிடக் கடினம், அதனால் மூன்று மாதத்துக்கு முன் கணக்குப் பார்க்காமல் இருப்பது நல்லது.

ஒரு குறிப்பேடு உதவும், ஆனால் அதில் அனுபவங்களை எழுதக் கூடாது. எழுதினால் நாளைக்கு அதே அனுபவத்தைத் தேட வைக்கும். தொடங்கிய நேரம், எத்தனை நிமிடம், மனநிலைக்கு ஒரே ஒரு சொல். எடுத்துக்காட்டுக்கு ஒரு வாரத்தை இப்படி வைத்துக்கொள்வோம்:

திங்கள் 5.40, 30, சாதாரணம்
செவ்வாய் 5.40, 30, தூக்கம்
புதன் 6.10, 20, தூக்கம்
வியாழன் 5.45, 30, அலைச்சல்
வெள்ளி இல்லை
சனி 7.00, 40, சாதாரணம்
ஞாயிறு 7.15, 20, அலைச்சல்

செவ்வாயும் புதனும் தூக்கம் என்றால் திங்கள், செவ்வாய் இரவுகளைப் பார்க்க வேண்டும். பதினொன்றரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுந்திருந்தால் அந்தத் தூக்கத்துக்குத் தீர்வு தியானத்தில் இல்லை, அரை மணி முன்னால் படுப்பதில் இருக்கிறது. போதுமான தூக்கம் இருந்தும் தலை தொங்கினால் முதுகை நிமிர்த்தி, சில மூச்சுகளை அழுத்தி, அப்படியும் போகாவிட்டால் எழுந்து முகம் கழுவி, இரண்டு நிமிடம் நடந்துவிட்டு வந்து உட்கார வேண்டும். வெள்ளி விடுபட்டதற்காகச் சனியன்று இரட்டிப்பாக உட்கார வேண்டியதில்லை. கடன் தீர்க்கும் கணக்கு தொடங்கினால் மூன்றாம் நாளே கடன் தாங்காமல் போகும்.

முகாமின் ஏற்பாடுகளில் வீட்டுக்குக் கொண்டுவர முடிகிறவற்றில் மிக வலுவானது வாராந்தரக் குழுத் தியானம். சென்னை போன்ற ஊர்களில் பழைய மாணவர்களுக்காக இது நடக்கிறது, பழைய மாணவர்களுக்கான ஒரு நாள் முகாம்களும் உண்டு. உங்கள் பகுதியில் எங்கே என்று அருகிலுள்ள மையத்தில் கேட்டால் சொல்வார்கள். ஊரில் குழு இல்லையென்றால், உங்களோடு முகாமுக்கு வந்த ஒருவரோடு ஞாயிறு காலை நேரம் குறித்துக்கொள்ளலாம். அவரவர் வீட்டில் உட்கார்ந்து, முடிந்ததும் ‘முடிந்தது’ என்று ஒரு குறுஞ்செய்தி. பேச்சு வேண்டாம், அனுபவத்தை ஒப்பிடவும் வேண்டாம்.

வீட்டாரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எவ்வளவு நேரம், எந்த இடம், எதற்கு மட்டும் கூப்பிடலாம் என்று. பத்து நாள் காணாமல் போய்வந்தவர் வந்த கையோடு வீட்டில் மௌனத்தை எதிர்பார்த்தால் மனஸ்தாபம்தான் மிஞ்சும். குக்கர் விசில் அடிக்கட்டும், அதுவும் காதில் விழுந்து போகும் ஒரு சத்தம்.

முகாமுக்கே போகாதவர்கள் இந்தத் திட்டத்திலிருந்து ஆனாபானாவை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: காலை 10, மாலை 10 நிமிடம், நாலு வாரம். உணர்ச்சிகளை உடல் முழுவதும் கவனிக்கும் பகுதியை ஆசிரியர் இல்லாமல் வீட்டில் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே ஜபமோ வேறு தியானமோ செய்பவர்கள் ஒரே அமர்வில் இரண்டையும் கலக்காமல், மூன்று மாதம் ஒன்றை மட்டும் செய்து பார்ப்பது தெளிவைத் தரும்.

நிறுத்த வேண்டிய நேரமும் உண்டு. உட்காரத் தொடங்கிய பின் பல இரவுகள் தூக்கம் போவது, திடீர்ப் பதற்றம், சுற்றியிருப்பதெல்லாம் நிஜமில்லாததுபோல் தோன்றுவது, பழைய அதிர்ச்சி நினைவுகள் அடக்க முடியாமல் பொங்குவது – இவற்றை ‘சுத்தமாகிறது’ என்று சொல்லித் தாங்கிக்கொள்ளக் கூடாது. அமர்வை நிறுத்தி, கண் திறந்த நிலையில் அன்றாட வேலை, நடை, சாப்பாடு, மனிதர்களோடு பேச்சு என்று இருக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் அடங்காவிட்டால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். முகாம் விண்ணப்பத்தில் மனநல வரலாறு கேட்பதும் இதற்காகத்தான், மறைக்காமல் எழுதுங்கள். மனநல மருந்து சாப்பிடுகிறவர்கள் தியானத்தை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது.

முற்றிலும் நின்றுபோய் மாதக்கணக்கானவர் மறுபடி தொடங்க அடுத்த முகாமுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மூன்று நாள் போதும். முதல் நாள் காலை மடித்த போர்வையில் பத்து நிமிடம், மூச்சு மட்டும். இரண்டாம் நாள் பதினைந்து. மூன்றாம் நாள் கீழளவான இருபதுக்கு வந்து, குறிப்பேட்டில் புதிய பக்கத்தில் தேதி போட்டு எழுதத் தொடங்குங்கள். பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்க்க வேண்டாம். உடலில் கவனத்தை நகர்த்துவதை இரண்டாம் வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.